ஐந்து மணி முதல் ஐந்தரை வரை

நான் ஜெபிக்கவில்லை. ஆறு வருடமாக, ஒவ்வொரு நாளும், ஜெபித்து முடித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

யாரிடம் என்று கேட்பீர்கள். மெர்சி அக்காவிடம். எங்கள் சபையில் சங்கிலி ஜெபம் உண்டு. காலை நான்கிலிருந்து ஏழு வரை ஆளுக்கு அரை மணி நேரம், அவரவர் வீட்டில் முழங்கால்படியிட வேண்டும். முடித்தவர் அடுத்தவருக்குப் போன் செய்து ஒப்படைக்க வேண்டும். சங்கிலி அறுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஐந்து முதல் ஐந்தரை என்னுடையது. அடுத்த அரை மணி, கூடுவாஞ்சேரியில் தனியாக இருக்கும் மெர்சி அக்காவுடையது. ஓய்வுபெற்ற ஆசிரியை.

தொடக்கத்தில் உண்மையாகத்தான் இருந்தேன். தாம்பரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தரையில் மண்டியிட்டால், அடுத்த மின்சார ரயிலின் சத்தம் கேட்பதற்குள் கண் நிறைந்துவிடும். யாரோ எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது போல... அது எந்த நாளில் நின்றது? நினைவில்லை. ஒரு நாள் காய்ச்சல். இன்னொரு நாள் தண்ணீர் லாரி வந்தது. பிறகு காரணமே தேவைப்படவில்லை. மனைவி எழுந்திருக்க ஆறு மணி ஆகும். டீ போட்டுக் குடித்து, போனில் செய்தி பார்த்துவிட்டு, சரியாக ஐந்தரைக்கு அழைப்பேன்.

"முடிச்சிட்டேன் அக்கா. நீங்க ஆரம்பிங்க."

"ஸ்தோத்திரம் தம்பி. உங்க குரலக் கேட்டாலே எனக்கு ஜெபம் வந்துடுது."

வெட்கமாக இருக்காதா என்கிறீர்களா? முதல் மாதம் இருந்தது. நான் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் தரப் பரிசோதகன். அளந்து பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூட வெளியே விட்டதில்லை. அந்தக் கண்டிப்புக்காரன்தான் இதையும் செய்தான்!

சென்ற ஆண்டு அக்காவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. முந்தின நாள் போனில் சொன்னார்.

"நாளைக்குக் காலைல ஆபரேஷன் தம்பி. என் அரை மணியையும் நீங்களே எடுத்துக்குங்க. வேற யார்கிட்டயும் கேக்கல. உங்கள நம்பித்தான் உள்ள போறேன்."

மறுநாள் ஐந்து மணிக்கே மண்டியிட்டேன். 'ஆண்டவரே' என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. ஆறு வருடம் எட்டிப் பார்க்காத சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிற்பது போல இருந்தது. முழங்கால் வலித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். தினமும் கொஞ்சமாவது பேசிப் பழகியிருந்தால்... ஐந்தே முக்காலுக்கு எழுந்து குளிக்கப் போய்விட்டேன். ஆறு மணிக்கு அடுத்தவருக்குப் போன் செய்து, இரண்டு பேருடையதும் முடிந்தது என்றேன்.

அக்கா பிழைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து ஆலயத்தில் சாட்சி சொன்னார். என்னைக் கைகாட்டி, "அந்தத் தம்பியோட ஜெபந்தான் என்னத் தாங்குச்சு" என்றார். சபையே திரும்பிப் பார்த்தது. நான் தலைகுனிந்தேன். அதைத் தாழ்மை என்று நினைத்தார்கள்!

அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்காவின் விசுவாசம் ஆடிப்போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. கிடைத்த நல்ல பெயரை விட மனமில்லை.

இப்போது தினமும் ஐந்து மணிக்கு மண்டியிடுகிறேன். அரை மணியும் எழுவதில்லை. ரயில் போகிறது, பால்காரர் வருகிறார்... எதிரே யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனாலும் ஏங்குகிறேன். அந்தப் பழைய கண்ணீரில் ஒரு துளி போதும் எனக்கு. ஆண்டவர் காத்திருந்த ஆறு வருடமும் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேனே... இப்போது என் முறை, அவ்வளவுதானோ?

இன்று காலையும் ஐந்தரைக்கு அழைத்தேன்.

"முடிச்சிட்டீங்களா தம்பி?" என்றார் அக்கா.

இன்னும் ஆரம்பிக்கவே முடியவில்லை அக்கா என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

"முடிச்சிட்டேன் அக்கா. நீங்க ஆரம்பிங்க" என்றேன்.