ஒன்பது கைண்ட்லி

போன வாரம் ராணிப்பேட்டையிலிருந்து ஒரு நண்பர் கடிதம் எழுதியிருந்தார். இரண்டு பக்கம். தமிழ்க் கடிதம்தான். ஆனால் முதல் பக்கத்திலேயே ஒன்பது 'கைண்ட்லி'! கைண்ட்லி என் வணக்கத்தை ஏற்கவும், கைண்ட்லி தவறாக எண்ண வேண்டாம், கைண்ட்லி பொறுமையாகப் படிக்கவும்... ஒன்பதாவது கைண்ட்லியோடு என் பொறுமை போய்விட்டது. கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அந்த வார்த்தையை வைத்தே ஆறு வருஷம் சோறு தின்றவன் நான்.

அப்போது ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு கிடங்கில் இங்கிலீஷ் ரைட்டர் உத்தியோகம். முதலாளி சாயபுக்கு உருதுவும் தமிழும் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷில் தெரிந்தது 'கைண்ட்லி' ஒன்றுதான். அது இல்லாத கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டார்.

அந்த ஒரு வார்த்தை எத்தனை வேலை செய்தது தெரியுமா? பதனிட ஆவாரம்பட்டை தரும் வியாபாரிக்கு எழுதினால் அது வேண்டுகோள். எங்கள் இடத்தில் வேலி போட்டவனுக்கு எழுதினால் மிரட்டல். ரயில்காரர்கள் தோல் கட்டுகளை மழையில் போட்டுவிட்டால் சாயபு கால் மணி நேரம் உருதுவில் திட்டுவார். அவ்வளவையும் நான் ஒரே கைண்ட்லியில் அடக்கிவிடுவேன்.

இதோடு நின்றிருக்கலாம். நான்தான் கிடங்கில் ஒரு புது வழக்கத்தைப் புகுத்தினேன். லீவு வேண்டுமென்றால் இங்கிலீஷ் பெட்டிஷன். சாயபும் ஆட்களும் தினமும் தோல் ஊறும் தொட்டியோரம் நின்று தமிழில் பேசிக்கொள்கிறவர்கள். ஆனால் லீவு என்று வந்தால், இரு தரப்புக்கும் படிக்கத் தெரியாத பாஷையில் நான் பெட்டிஷன் எழுதுவேன். நானே சாயபிடம் வாசித்துத் தமிழில் சொல்வேன். பதிலையும் நானே எழுதி, நானே வாசித்துக் காட்டுவேன். எல்லோருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.

ஒரு நாள் காலை தொட்டி மேஸ்திரி முனுசாமி ஓடிவந்தார். தோல் பதமாகிவிட்டதா என்று விரலால் தொட்டே சொல்லிவிடும் மனிதர். மாதனூர்க்காரர். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு வலி கண்டு, நிலைமை மோசமாகி, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம்.

"ஒரு பெட்டிஷன் எழுதுங்க ரைட்டரய்யா. நான் போவணும்."

எழுதினேன். சும்மா எழுதுவேனா? ஏழு கைண்ட்லி போட்டு, வணங்கி, பணிந்து, விஷயத்தைக் கடைசிப் பாராவில் வைத்தேன். சாயபிடம் வாசித்தேன். மூன்றாவது பாராவிலேயே அவர் போதுமென்று கையைக் காட்டினார்.

"லீவு தானே? தொட்டி காலியாவட்டும். நாலு நாள் கழிச்சிப் போவச் சொல்லு. கைண்ட்லி போட்டு எழுது."

அந்த இடத்தில் வாயைத் திறந்து மகள் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். எழுதிப் பழகியவனுக்கு வாய் எங்கே இருக்கிறது? பதிலை எழுதிக்கொண்டுபோய் முனுசாமியிடம் வாசித்தேன். பட்டைச் சாறு காய்ந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு எழுதிப் பாருங்க அய்யா."

தொட்டியோரம் உட்கார்ந்து இரண்டாவது பெட்டிஷனை ஆரம்பித்தேன். அதற்குள் சாயபே அங்கே வந்துவிட்டார்.

"இன்னா முனுசாமி, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?"

"பொண்ண வேலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய்ட்டாங்க மொதலாளி. ரொம்ப கஷ்டமா கீதாம்."

"எப்போ?"

"காலைல."

"அப்ப நீ இன்னும் இங்க இன்னா பண்ற?"

"பதிலு வந்துச்சே மொதலாளி... நாலு நாள் கழிச்சின்னு."

சாயபு என்னைப் பார்த்தார். "பொண்ணு சமாச்சாரம் அதுல எழுதலயா?"

"எழுதியிருக்கேன் சாயபு. கடைசில."

"கடைசிலயா?"

அவ்வளவுதான் கேட்டார். அன்று எனக்கு வந்த வெட்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. தன்னுடைய ஜட்கா வண்டியையே பூட்டச் சொல்லி முனுசாமியை ஸ்டேஷனுக்கு அனுப்பினார். மத்தியான ரயில் கிடைத்துவிட்டது.

மூன்றாம் நாள் முனுசாமி கல்கண்டுப் பொட்டலத்தோடு வந்தார். பேத்தி. தாயும் பிள்ளையும் சுகம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மொதலாளிக்கு ஒரு பெட்டிஷன் எழுதணும் அய்யா. பேத்தி பொறந்துட்டான்னு."

"அதோ உட்கார்ந்திருக்கிறாரே, நேரில் போய்ச் சொல்லுங்களேன்."

"வாயால சொன்னா மரியாதையா இருக்குமா?"

விதைத்தவன் நான்தானே. ஒரே வரியில், முதல் வரியிலேயே பேத்தியைப் போட்டு எழுதிக் கொடுத்தேன்.

இதையெல்லாம் எழுதும்போது மனசு உறுத்தியது. எழுந்துபோய் ராணிப்பேட்டைக் கடிதத்தை எடுத்து, இந்தத் தடவை கடைசி வரை படித்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்தது சமாச்சாரம். போன மாதம் அவர் வீட்டிலிருந்து நான் இரவல் வாங்கிவந்த குடை. அங்கே மூன்று வாரமாக மழையாம்.

குடை நாளைக் காலை ரயிலில் வருகிறது, அய்யா. கைண்ட்லி, அதுவரை நனையாதிருங்கள்.