மாமியார் வைத்த சர்க்கரை

நுண்ணோக்கியின் பக்கவாட்டில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. பிறகுதான் கண்ணை வைப்பார். "மாப்பிள்ளைகளா, எழுந்தாச்சா?" தட்டாமல் அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லையாம். உள்ளே இருப்பவை பன்றியின் விந்தணுக்கள். கால்நடை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்யும் அந்த அம்மாளுக்கு 'மாமியார்' என்ற பெயர் விழுந்தது இப்படித்தான்.

முந்தி ஓடுகிற விந்தணுவே வெல்லும் என்று ஊரே நம்பும் கதையை மாமியார் ஏற்பதில்லை. "வந்ததும் வராததுமா ஓடினா ஆச்சா? முட்டை இன்னும் கிளம்பவே இல்லையே! நடுவுல ஒரு வீட்டுல தங்கணும்" என்பார். அந்த வீடு கருக்குழாய். அதன் உட்சுவரில் பாசி படர்ந்தாற்போல் நுண்ணிய சர்க்கரைச் சங்கிலிகள். விந்தணு அவற்றில் தலையை ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதன் ஆயுளும் கூடும். அதே சர்க்கரையைப் பொடி மணிகளில் பூசி, கண்ணாடித் தட்டிலும் விந்தணுவை நெடுநேரம் வாழவைக்க முடியுமா என்பதுதான் மாமியாரின் ஆராய்ச்சி.

"காப்பியில போடுற சர்க்கரையா?" என்று யாராவது கேட்டால், "அதைப் போட்டா எறும்புதான் மாசமாகும்!"

இதுவரை இந்த ஆராய்ச்சியால் பலன் கண்ட ஒரே ஜீவன் மாமியாரின் வீட்டுக்காரர். சோபாவை விட்டு எழுந்திருக்கச் சொன்னால், "ஓடுறவன் சீக்கிரம் போயிடுவான்னு நீதானே கண்டுபிடிச்சே?" என்று தலையணையில் இன்னும் அழுந்திக்கொள்வார்.

நேற்றுக் காலை துறைத் தலைவர் வந்தார். யார் அறையிலும் உட்காராதவர். கார்ச் சாவி கையிலேயே சுழலும். சோதனை பலமுறை தோற்றாகிவிட்டது. "இந்தத் தடவையும் செத்துக் கிடந்தா மூட்டை கட்டிடலாம்மா" என்று முன்பே சொல்லியிருந்தார்.

முந்தின நாள் மாலையே விந்தணுக்களை விட்டுவைத்த இரண்டு தட்டுகள் காத்திருந்தன. முதல் தட்டில் சர்க்கரை பூசாத வெறும் மணிகள். விந்தணுக்கள் திசைக்கொன்றாய்க் கிடந்தன. "ஓடி ஓடியே ஓஞ்சுட்டாங்க பாவம்" என்றார் மாமியார்.

அடுத்தது சர்க்கரைத் தட்டு. தலைவர் குனிந்தார். சாவி சுழன்றது.

"இங்கயும் அதே கதைதான். எல்லாம் மணியில ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒண்ணும் நகரலை. போச்சு."

மாமியார் அவசரமாக நுண்ணோக்கிக்கு வந்தார். ஆனாலும் பழக்கம் விடவில்லை. தட்டிவிட்டுத்தான் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுக்காமலே இன்னும் பெரிதாக்கிக் காட்டும் வில்லைக்குத் திருப்பினார். முகத்தில் மெல்லக் குறும்பு ஏறியது.

"சார், தலையை ஏன் பாக்குறீங்க? வந்த இடத்துல தலை அடங்கித்தான் இருக்கும். வாலைப் பாருங்க."

தலைவர் மறுபடி குனிந்தார். ஒட்டிய தலைகள் ஒட்டியபடி இருக்க, மணியைச் சுற்றி அத்தனை வால்களும் துடித்துக்கொண்டிருந்தன.

"அடேயப்பா! ராத்திரி முழுக்கவா?"

"பின்னே? கவனிப்பு அப்படி!"

தலைவர் நிமிரவில்லை. சாவி சுழல்வது நின்றது. கை துழாவி அதை மேசைமேல் வைத்தது. மாமியார் தன்னுடைய முக்காலியைக் காலால் மெல்ல நகர்த்தி, அவர் முழங்காலுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.