சாத்திய பூவும் மட்குண்ணியும்

எங்கள் வீட்டில் சாமிக்குச் சாத்திய பூவைக் குப்பையில் போடுவதில்லை. யார் காலும் அதில் படக் கூடாது. முன்பெல்லாம் கிணற்றில் விட்டுவிடுவோம். இப்போது கிணற்றை மூடி போர் போட்டாயிற்று. ஓடையில் ஓடுவதோ சாக்கடை. ஆடித்தபசுத் திருவிழா முடிந்தபோது மாடிப்படிக்கு அடியில் வாடிய மாலைகள் மூன்று சாக்கு சேர்ந்துவிட்டன.

“மக்கும் குப்பைன்னு வண்டில குடுத்திர வேண்டியதுதான,” என்றாள் என் மனைவி.

“கோமதியம்மை படத்துக்குப் போட்ட பூவ குப்ப வண்டிலயா ஏத்தச் சொல்லுத?”

“அப்ப சாக்கோட சாக்கா நீங்களும் அங்கன படுத்துக்கிடுங்க.”

புறவாசலில் அடி உடைந்த டிரம் ஒன்று கிடந்தது. மண்ணும் பூவுமாக மாற்றி மாற்றிப் போட்டு மூடி வைத்தேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு திறந்தால், பஞ்சு மாதிரி வெள்ளைப் பூசணம். அதற்குள் புழு நெளிந்தது. அம்மைக்குச் சாத்தியதைப் புழுவுக்குப் போட்டுவிட்டேனே, இதற்கு என்ன பரிகாரம் செய்வது என்று மூடியைப் பிடித்தபடி நின்றேன்.

கல்லூரியில் தாவரவியல் படிக்கும் மகள் வந்து எட்டிப் பார்த்தாள். “எப்பா, இந்தப் பூசணத்துக்குப் பேரு மட்குண்ணி. புழு கடிச்சு நுணுக்கும், இது கரைச்சு உறிஞ்சும்.”

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். “மாட்டு ரத்தம் குடிக்குமே உண்ணி, அந்த வகையா?”

“அது ஒட்டுண்ணிப்பா. உயிரோட இருக்கதுல ஒட்டிக்கிட்டு உறிஞ்சும். மட்குண்ணி உயிர் போனதத்தான் திங்கும். அது மட்டும் இல்லன்னா உதுந்த இலையெல்லாம் அப்படியே குமிஞ்சு கெடக்கும். நமக்கு நிக்க எடம் இருக்காது.”

கையை உள்ளே விட்டேன். கதகதப்பாக இருந்தது. அடியில் பூவே இல்லை, கறுப்பு மண்தான். அழுகல் வாடை துளியும் இல்லை. பூக்கட்டிய நைலான் நூல் மட்டும் கையோடு வந்தது. ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. ஆனால் ஒவ்வொரு முடிச்சிலும் காம்பு இருந்த இடம் ஓட்டையாக இருந்தது. கண்ணும் கையும் இல்லாத ஒன்று அந்த இறுக்கத்துக்குள் எப்படிப் புகுந்தது? உயிர் போனதைத்தான் தின்ன வேண்டும் என்று அதற்கு யார் சொல்லி வைத்தது? நான் பூவைத் தப்பான இடத்தில் சேர்க்கவில்லை. அம்மையே படைத்து வைத்த வாயில்தான் போட்டிருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை செருப்பைக் கழற்றி விட்டுத்தான் டிரம்மைத் திறந்தேன். மனைவி அடுப்படிச் சன்னல் வழியாகப் பார்த்தாள். “சூடமும் காட்டுவியளோ?”

“கேலி பண்ணாத,” என்றேன். நூலை உருவிவிட்டு, பூவை இரண்டு கையாலும் உள்ளே இட்டேன்.