வெந்நீரில் பார்க்காத சென்சார்

மோட்டார் காயில் சுற்றும் கடையில் பதினோரு வருடம் குனிந்து முதுகைத் தேய்த்துக்கொண்ட பிறகு, சொந்தமாகப் பழுது பார்க்கக் கிளம்பியவள் மீட்டர் அக்கா. கையில் எப்போதும் மீட்டர் இருப்பதால் வந்த பெயர் அது. அளக்காமல் வாயைத் திறக்கமாட்டாள். அளந்துவிட்டாலோ, சொன்னது சொன்னதுதான். இந்தப் பிடிவாதத்துக்குக் கெட்டிக்காரி என்று நாலு பேர் பட்டம் வேறு கொடுத்துவிட்டார்கள். அவளும் அதை மறுத்ததில்லை.

அன்று காலை அவளை அழைத்தவள், வீட்டிலேயே தையல் வேலை பார்த்துக்கொண்டு அப்பாவைக் கவனித்துவரும் ஒரு பெண். சர்க்கரை வியாதியில் அப்பாவுக்குப் பாதம் இரண்டும் மரத்துப்போயிருந்தன. நாலு நாளைக்கு முன், குளிக்க உட்காரவைத்துக் குழாயைத் திறந்தவள் கையை நீட்டிப் பார்த்தாள். சூடு இதமாக இருந்தது. மாடியில் காயப்போட்ட துண்டை எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் பாதங்கள் கொப்பளித்துவிட்டன. அவருக்கு உறைக்கவே இல்லை.

சேதி கேட்டு வெளியூரிலிருந்து ஓடிவந்த அண்ணன், சாயங்காலம் அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போவதாக முடிவு கட்டிவிட்டான். நாற்பது டிகிரியில்தான் வைத்தேன் என்று தங்கை சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் கையில் ஒரு சீட்டு இருந்தது. தண்ணீர் சில சமயம் திடீரென்று சுடுகிறது என்று மூன்று மாதத்துக்கு முன் தங்கை சொன்னபோது, மீட்டர் அக்காவே பார்த்து எழுதிக் கொடுத்தது. 'சென்சார் நன்றாக உள்ளது. பட்டன் அழுத்துவதில் கவனம் தேவை.'

தன் கையெழுத்தை அடையாளம் கண்ட அக்கா, சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேரே குளியலறைக்குப் போனாள்.

அது தொட்டியில்லாத கீசர். குழாயைத் திறந்த மாத்திரத்தில் உள்ளே தீ பிடிக்கும். வெளியே வரும் தண்ணீர் எவ்வளவு சூடு என்று ஒரு சின்ன சென்சார் சொல்லச் சொல்ல, தீ கூடும், குறையும். அக்கா குழாயைத் திறந்து தெர்மாமீட்டரைப் பிடித்தாள். இரண்டு நிமிடம் நாற்பதிலேயே நின்றது. அண்ணன் தங்கையை ஒரு பார்வை பார்த்தான். மூன்றாவது நிமிடம் நாற்பத்தாறு. ஐந்தாவது நிமிடம் ஐம்பத்தைந்து. கீசரின் முகத்தில் மட்டும் நாற்பது என்ற எண் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

சென்சாரைக் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் முக்கி அளந்தாள். மின்தடை பத்தாயிரம் ஓம், கனகச்சிதம். சூடு ஏற ஏற அந்த ஓம் இறங்கவேண்டும். கெட்டிலில் தண்ணீர் சுடவைத்து, ஐம்பத்தைந்துக்கு ஆறவிட்டு, அதில் முக்கினாள். மூவாயிரத்துக்கு இறங்கவேண்டியது ஐயாயிரத்து முந்நூறிலேயே உட்கார்ந்துகொண்டது. அதாவது, தண்ணீர் ஐம்பத்தைந்தில் சுட்டுக்கொண்டு வரும்போதும் நாற்பதுதான் என்று பொய் சொல்லியிருக்கிறது. சென்சாரின் கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். குளிர்ந்தால் மூடிக்கொள்ளும், சூடானால் திறந்துகொள்ளும்.

போன தடவை பச்சைத் தண்ணீரில் மட்டும்தான் பார்த்தாள். அடுத்து வேலைக்குப் போகவேண்டிய வீட்டுக்காரர் போனில் அவசரப்படுத்தியதால், கெட்டில் வைக்கச் சோம்பல்பட்டுக் கிளம்பிவிட்டாள். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"அப்ப நல்லாத்தான் இருந்திருக்கு, இப்பத்தான் கெட்டுப்போச்சு போல," என்று அண்ணனே வழியும் எடுத்துக் கொடுத்தான். தலையை ஆட்டினால் போதும், தப்பிவிடலாம். அக்கா கழற்றிய சென்சாரை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இல்ல தம்பி. அப்பவே இது கெட்டிருக்கு. உங்க தங்கச்சி சரியாத்தான் சொன்னாங்க. நான் சூட்டுல பாக்காம விட்டுட்டு, பழிய அவங்க மேல எழுதிட்டேன்."

அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவனோ கையிலிருந்த சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு தங்கையிடம், நிமிராமலே, அப்பா இங்கேயே இருக்கட்டும், காயம் ஆறும்வரை நானும் லீவு போட்டுக் கூட இருக்கிறேன் என்றான்.

அதுவரை மூச்சுக் காட்டாமல் கட்டிலில் கிடந்த அப்பா, "அப்ப சாயங்காலம் நான் எங்கயும் போகல, அப்படித்தானே?" என்று உள்ளிருந்து உறுதிப்படுத்திக்கொண்டார்.

புது சென்சாரைப் பச்சைத் தண்ணீரிலும் வெந்நீரிலும் மும்முறை அளந்துவிட்டுத்தான் அக்கா மாட்டினாள். கால்மணி நேரம் குழாய் ஓடியது, நாற்பதைத் தாண்டவில்லை. தங்கை கடைசிவரை கையைத் தண்ணீரிலேயே வைத்திருந்தாள். மன்னித்துவிடும்மா என்று அக்கா சொன்னது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

"அன்னிக்கு நாப்பதுன்னு ரெண்டு தடவ பாத்துட்டுத்தான்க்கா தொறந்தேன்," என்றாள். "இருந்தாலும் நாலு நாளா, நான்தான் சுட்டுட்டேன்னு நானே நம்பிட்டேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். மீட்டர் அக்காவுக்குத்தான் அழுகை வந்தது.