திருக்கை முள் குத்திய கால்

என் கோபத்தைப் பற்றி என்னிடம் படித்தவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். கத்தியைத் தூக்கி எறிந்தேன் என்பது பொய். கிண்ணத்தை எறிந்தது உண்மை. அதுவும் ஒரே ஒரு தடவை, வெறுங்கிண்ணம். ஆனால் வாழ்நாளில் நான் போட்ட சத்தங்களிலேயே பிரயோசனமான சத்தம், அறுபதுகளின் நடுவில் ஒரு நாள் காலை, மட்டக்களப்பில் நான் சத்திரசிகிச்சை டொக்டராக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் போட்டதுதான். "கத்தியை வை" என்று கத்தினேன். வராந்தாவில் நோயாளர் துண்டுச்சீட்டு எடுத்துக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளே மேசையில் குப்புறப் படுத்திருந்தவர் தேற்றாத்தீவிலிருந்து வந்த ஒரு மீனவர். முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று கிழமைக்கு முன் வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசியபோது, மிதிபட்ட திருக்கை வாலைச் சுழற்றி அடித்து, முள் முழங்காலுக்குப் பின்னால் ஏறிவிட்டது. ஊரில் மருந்து கட்டினார்கள். காயம் ஆறிவிட்டது. ஆனால் அந்த இடம் நாளுக்கு நாள் வீங்கி, சின்னத் தேசிக்காய் அளவிலிருந்து பெரிய தோடம்பழம் அளவுக்கு வந்துவிட்டது. திருக்கை முள் குத்தினால் சீழ் கட்டும் என்பது எங்கள் பகுதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே வீட்டார் சீழ் என்றார்கள், ஊரும் சீழ் என்றது, புதிதாக வந்திருந்த இளம் டொக்டரும் சீழ் என்று துண்டில் எழுதிவிட்டு வெட்டுவதற்குக் குனிந்துவிட்டார். நான் அந்த வழியாகப் போகும்போது எட்டிப் பார்த்தேன். வீக்கத்தின் மேல் போட்டிருந்த வெள்ளைத் துணி ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சீழ் அப்படித் துடிக்காது. முழங்காலுக்குப் பின்னால் காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாடி ஒன்று ஓடுகிறது. முள் அதைத் துளைத்திருந்தது. கசிந்த இரத்தம் தசைக்குள் ஒரு பையைக் கட்டிக்கொண்டு, இதயம் அடிக்கும்போதெல்லாம் தானும் அடித்துக்கொண்டிருந்தது. அதில் கத்தி பட்டிருந்தால் மனிசன் அந்த மேசையிலேயே முடிந்திருப்பார். என் சத்தத்தால் மனம் நொந்த இளம் டொக்டர் மூன்று நாள் என்னுடன் பேசவில்லை. நாலாம் நாள் என்னிடமே வேலை பழக வந்து நின்றார்.

என் தலைக்கனத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நான் இங்கிலாந்தில் நாடிகளைத் தைக்கப் பழகிவிட்டு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. பழகினேன் என்று பெருமையாகச் சொன்னாலும், அங்கே பெரும்பாலும் மற்றவர்கள் தைக்க நான் சதையை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன்தான். ஊருக்கு வந்ததும் கொழும்பில் மருத்துவ பீடத்துக்கு விரிவுரையாளர் பதவி கேட்டு எழுதினேன். அங்கே சத்திரசிகிச்சைப் பேராசிரியர் பழைய ஆள், பெரிய கைகாரர், நாடி தைப்பதெல்லாம் வெள்ளைக்காரன் வேலையில்லாமல் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்று நினைப்பவர். "இந்த நாட்டில் ஒன்று செய்து காட்டு. பிறகு படிப்பிக்க வா" என்று பதில் போட்டிருந்தார். அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அன்று மத்தியானமே அவருக்கு ஒரு ட்ரங்க் கோல் எடுத்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நாடியைக் கட்டிவிடு. கால் தப்பினால் தப்பட்டும். கறுத்தால் முழங்காலுக்கு மேல் வெட்டு. தைக்கிறேன் என்று விளையாடி ஆளைக் கொன்றுவிடாதே" என்றார். நான் "ஹலோ, ஹலோ, கேட்கவில்லை சேர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மட்டக்களப்பிலிருந்து நான் எடுத்த அத்தனை கோல்களிலும் அவ்வளவு தெளிவாகக் கேட்டது அது ஒன்றுதான்.

மீனவருக்கு ஒப்பரேசன் வேண்டாம். அவருடைய மனைவிக்கு அதைவிட வேண்டாம். ஒல்லியான மனிசி. கட்டில் தலைமாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்று என்னை அளந்து பார்த்தார்.

"சீழை வெட்டி எடுத்தாச் சுகமாகிரும் எண்டுதானே ஐயா வந்த நாங்க. இப்ப என்ன, பெரிய ஒப்பரேசன் எண்டுறீங்க?"

"இது சீழ் இல்லை அம்மா. இரத்தம்."

"எங்கட ஊருல எத்தின பேருக்குத் திருக்கை குத்தியிரிக்கு. எல்லாருக்கும் சீழ்தான்."

ஏச வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி அவருடைய காதில் மாட்டி, மறுமுனையை வீக்கத்தின் மேல் வைத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார். பிறகு சுளிப்பு போய்விட்டது.

"தண்ணி பாயுது ஐயா," என்றார் மெதுவாக. "வயல் வட்டைக்குள்ள வரம்பு உடைஞ்சாப்போல."

அதைவிடத் திறமாக எந்தப் புத்தகமும் அந்தச் சத்தத்தைச் சொல்லவில்லை. பின்னாளில் நான் எழுதிய புத்தகமும் சேர்த்துத்தான். உடைந்த வரம்பை அடைக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு அவருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. மீனவர் மட்டும் சுவரைப் பார்த்தபடி ஒன்று சொன்னார்.

"காலை எடுக்கிறதெண்டா இப்பவே சொல்லிப்போடுங்க ஐயா. நான் இப்படியே வீட்ட போறன். ஒத்தக்காலோட நான் எப்படித் தோணியில நிக்கிற?"

"கால் உங்களோடதான் வரும்," என்றேன். அப்படி வாக்குக் கொடுக்கக் கூடாது. மாணவர்களுக்கு முப்பது வருடம் படிப்பித்த முதல் பாடம் அதுதான். நான் கொடுத்தேன்.

ஒப்பரேசன் மறுநாள் காலை. நாடியைப் பிடிக்கும் கவ்விகள் எங்களிடம் இல்லை. சின்னக் கவ்விகள் இரண்டின் வாயில் மெல்லிய இறப்பர்க் குழாயை வெட்டி மாட்டினேன், நாடி நசுங்காதிருக்க. நூல் கண் வாட்டிலிருந்து வந்தது. தலைமுடியிலும் மெல்லிய அந்தப் பட்டு நூலைக் கண் டொக்டர் மனமில்லாமல் தந்தார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தோம். ஆகவே நோயாளி குப்புறப் படுத்தபடி முழிப்பாக இருந்தார். நான் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டது.

பையைத் திறந்து, கட்டி இரத்தத்தை அள்ளிப் பார்த்தபோது நாடியின் கிழிசல் நான் நினைத்ததைவிட நீளம். இழுத்துத் தைக்க முடியாது. ஒரு துண்டு ஒட்டுப் போட வேண்டும். மற்றக் காலின் கெண்டையிலிருந்து, இரத்தத்தை மேலே திருப்பிக் கொண்டுபோகும் நாளத்தில் ஒரு விரல் நீளம் வெட்டி எடுத்து உப்புநீர்க் கிண்ணத்தில் போட்டேன். அந்த நேரம் பார்த்து மேலே விளக்கு சரிந்தது. விளக்கைப் பிடித்து நின்ற உதவியாளரை, எங்கள் அற்றண்டனை, ஏசினேன். சும்மா அல்ல, அவருடைய பரம்பரையையும் சேர்த்து. ஏசி முடித்துவிட்டுக் கிண்ணத்தில் கையை விட்டு நாளத்தை எடுத்துத் தைத்தேன். மேல் தையல், கீழ்த் தையல், ஒவ்வொன்றும் எள்ளளவு. அவ்வளவு அழகாக நான் அதற்கு முன் தைத்ததில்லை. கவ்விகளை எடுத்தேன்.

நாளம் பாதிவரை உப்பியது. அங்கே நின்றுவிட்டது.

நூலில் பிழை என்றேன். கவ்வியில் பிழை என்றேன். இரத்தம் உறையாமல் இருக்கப் போட்ட மருந்து பழசு என்றேன். பக்கத்தில் நின்ற தியேட்டர் சிஸ்டர் பதினைந்து வருடம் அங்கே வேலை செய்தவர், என் சத்தத்துக்கு அசையாத ஒரே ஆள். இடுக்கியின் நுனியால் காட்டினார்.

"டொக்டர், இது பாதி மட்டும்தானே வீங்குது. அங்கால சப்பையாக் கிடக்கு."

பார்த்தேன். நாளத்துக்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. இறால் பிடிக்கும் கூட்டின் வாய் மாதிரி, ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது. காலிலிருந்து மேலே போகும் இரத்தத்துக்காக அமைந்தவை அவை. நாடியிலோ இரத்தம் கீழே இறங்குகிறது. ஆகவே நாளத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தைக்க வேண்டும். இது மருத்துவ மாணவனுக்கும் தெரியும். இங்கிலாந்து போய் வந்த நான், அற்றண்டனை ஏசிய சூட்டில், திருப்பாமல் தைத்துவிட்டேன். என் பிழைதான். வேறு யாருடைய பிழையும் அல்ல.

மேசையிலிருந்து குரல் வந்தது. "ஐயா, பிழைச்சுப்போச்சா?"

கால் எத்தனை நேரம் இரத்தமில்லாமல் கிடக்கலாம் என்பது எனக்குத் தெரியும். மரப்பு தெளிய எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதும் தெரியும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் நாடியைக் கட்டிவிட்டு வெளியே வருவதுதான் புத்தி. சட்டைப்பைக் கடிதம் நினைவில் வந்தது. கொடுத்த வாக்கும் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

"ஓம், நான் ஒரு பிழை விட்டுட்டன்," என்றேன். "பிரிச்சுத் திரும்பத் தைக்கிறன். கொஞ்சம் பொறுங்க."

"தைங்க ஐயா," என்றார் அவர். "வலையும் அப்படித்தானே."

பிரித்தேன். திருப்பினேன். இரண்டாம் தரம் தைத்த நேரம் முழுவதும் நான் யாரையும் ஏசவில்லை. கவ்வியை எடுத்ததும் நாளம் மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் நிமிர்ந்து துள்ளியது. சிஸ்டர் கையுறையைக் கழற்றிவிட்டுப் போய்ப் பாதத்தில் விரல் வைத்தார். வெள்ளைத் தாளாய்க் கிடந்த பாதம் சிவந்துகொண்டிருந்தது. சிஸ்டர் ஓம் என்று தலையை ஆட்டினார். நானும் போய்த் தொட்டேன். என் விரலுக்கடியில் அடித்தது. பட்டம் வாங்கிய நாளிலும் எனக்கு அவ்வளவு சந்தோசம் வந்ததில்லை. அற்றண்டனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் விளக்கை விடாமல் "பரவாயில்லை சேர்" என்றார்.

அன்று பின்னேரம் வாட்டில் மீனவருடைய மனிசிக்குப் பாதத்தில் நாடி இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தேன். அது நின்றால் உடனே தாதியைக் கூப்பிட வேண்டும் என்றேன். ஆள் போதாத வாட்டு அது. வேறு வழியில்லை. அவர் அதை மிகவும் கண்டிப்பாக எடுத்துக்கொண்டுவிட்டார். வீட்டுக்குப் போன பிறகும், நாளாந்தம் மனிசன் தோணியில் ஏறுமுன் காலை நீட்ட வைத்து விரல் வைத்துப் பார்ப்பாராம். கிளினிக்குக்கு வந்தால் "போன புதன் கொஞ்சம் மெதுவா அடிச்சது ஐயா" என்று முறைப்பாடு சொல்வார்.

நாலு மாதத்துக்குப் பின் கொழும்பில் பேராசிரியரின் கூட்டத்தில் இந்த நோயாளியைக் காட்டச் சொல்லி அழைப்பு வந்தது. மீனவரும் மனைவியும் நானும் மெயில் ரயிலில் போனோம். அவர் புதுச் சாரம் உடுத்தியிருந்தார். மனைவி காத்தான்குடியில் வாங்கிய கைத்தறிச் சேலை. மண்டபம் நிறைய டொக்டர்மார், மாணவர்கள். பேச்செல்லாம் ஆங்கிலம். மீனவரை முன்னால் ஒரு கதிரையில் இருத்தினார்கள். மனைவி கடைசி வரிசையில்.

நான் பேசி முடித்ததும் பேராசிரியர் கேட்டார், "கவ்விகள் எவ்வளவு நேரம் போட்டிருந்தாய்?"

உண்மையான நேரத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி ஏன் என்று வரும். குறைத்துச் சொல்லியிருக்கலாம். கேட்க ஆளில்லை. ஆனால் கதிரையில் இருந்த மனிசனுக்கு நடந்தது தெரியும். ஆங்கிலம் விளங்காவிட்டாலும் என் முகம் விளங்கும். நேரத்தை உள்ளபடி சொன்னேன். "இரண்டு தரம் தைத்தேன் சேர். முதல் தரம் நாளத்தைத் திருப்பாமல் வைத்துவிட்டேன்," என்றேன். மண்டபத்தில் சிரிப்பு எழும்பியது. காது சுட்டது.

பேராசிரியர் சிரிக்கவில்லை. "அவ்வளவு நேரம் கிடந்த காலில் நாடித் துடிப்பு மிஞ்சியிருக்காது. கால் தப்பியது அதிர்ஷ்டம், உன் தையலால் அல்ல," என்றார். எழுந்து வந்து, அந்த வயதில், சீமெந்துத் தரையில் முழங்காலில் இருந்தார். மீனவர் பதறிக் காலை இழுத்தார். "பெரிய ஐயா காலைத் தொடுறாரே" என்று என்னைப் பார்த்தார். பேராசிரியர் காலைப் பிடித்து நிறுத்தி, கட்டை விரலுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்து அழுத்தினார். தேடினார். இன்னும் அழுத்தினார். தலையை நிமிர்த்தி, "இல்லை," என்றார்.

ரயில் ஏறுமுன் நானே பார்த்த துடிப்பு. ரயிலில் மடக்கி இருந்ததில் போய்விட்டதா என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் சொன்னது ஆங்கிலத்தில்தான். ஆனால் அவர் தலையாட்டிய விதம் கடைசி வரிசைவரை விளங்கியது. கைத்தறிச் சேலை கதிரைகளுக்கிடையால் விறுவிறுவென்று வந்தது. யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. பேராசிரியரின் பக்கத்தில் குந்தி, அவருடைய விரலைப் பிடித்துத் தூக்கி, அரை அங்குலம் தள்ளி வைத்தார்.

"இங்க ஐயா. அமத்தாதீங்க. அமத்தினா அது அடங்கிரும். சும்மா வைங்க."

பேராசிரியருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. விரலை வைத்தபடி இருந்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எதை என்று தெரியவில்லை.

"இருக்கிறது," என்றார் அவர். "நன்றாக இருக்கிறது."

அவர் உடனே எழும்பவில்லை. நிலத்தில் இருந்தபடியே மாணவர்களை வரிசையாக வந்து தொட்டுப் பார்க்கச் சொன்னார். அடுத்த வருடம் நான் அந்த மண்டபத்தில் விரிவுரையாளராக நின்றேன், பிறகு அவருடைய கதிரையிலும் இருந்தேன். நாளத்தை வெட்டுமுன் கீழ் முனையில் ஒரு நூல் முடிச்சுப் போடு என்றும், அது கிண்ணத்தில் கிடக்கும்போது யாரையும் ஏசாதே என்றும் எத்தனையோ பேருக்குப் படிப்பித்தேன். ஆனால் அங்கே நாடியைப் பற்றிய முதல் பாடத்தை நடத்தியது நான் அல்ல. கூட்டம் நடந்த அன்று பின்னேரம்வரை மீனவரின் மனிசி அவர் காலடியில் குந்தியிருந்து, வந்த ஒவ்வொரு மாணவனுடைய விரலையும் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தார். ஒருவனையும் அமத்த விடவில்லை.