இளவரசி வீடு திரும்பிய கதை

புத்தகக் கண்காட்சியில் ஒரு ஜப்பான் காமிக்ஸைப் புரட்டினேன். "மேடம், இத்த நம்ம கடைசிப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சிப் படிக்கணும்" என்றார் கடைக்காரர். அட்டையில் வாளோடு, சின்ன வயதில் பார்த்த அதே இளவரசி. இதை அன்றைக்கே யாராவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

ராயபுரத்தில் நான் நாலாவது படிக்கையில், துறைமுகத்தில் சுமை இறக்கிய அப்பா, கழிவுக் காகிதக் கட்டிலிருந்து இதே புத்தகத்தை உருவி வந்தார். பிரித்தால் ஈரச் சாக்கு வாடை அடிக்கும். எழுத்து ஒன்றும் புரியாது. அக்காதான் படம் பார்த்துக் கதை சொல்வாள். டிராகன் மேல் பறக்கும் இளவரசி தரையிறங்கி, வாளைச் சுவரில் மாட்டிவிட்டு அம்மாவைக் கட்டிக்கொள்வாள். அப்பா பீடியை அணைத்துவிட்டுக் கேட்பார்.

மறு வருஷம் அக்காவுக்கு வேலூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. அப்பா அந்தப் படத்தைத்தான் விரித்தார். "டிராகன் மேல போன பொண்ணே கடசில அம்மாகிட்டதான் வந்து நிக்கிது. நீ இன்னாத்துக்கும்மா வேலூரு போற?" அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு தை மாதமே கல்யாணத்தை முடித்தார்கள்.

கண்காட்சியில் புத்தகத்தை வாங்கிக்கொண்டு நேராகத் திருவொற்றியூரில் அக்கா வீட்டுக்குப் போனேன். சரியான பக்கத்திலிருந்து காட்டினேன். இளவரசி அம்மாவிடம் விடைபெறுகிறாள், வாளை எடுக்கிறாள், டிராகன் மேல் ஏறிப் போய்விடுகிறாள். திரும்பி வரவேயில்லை.

அக்கா பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள்.

"நைனா உசுரோட இருக்கசொல்ல இத்தக் காட்டியிருக்கலாம்டி" என்றாள்.