திண்டிவனத்தில் அடைத்த ஓட்டை

புதுச்சேரி பேருந்து நிலையத்தில் திண்டிவனம் வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது புதன்கிழமை காலை ஏழு மணி. கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் பழைய துண்டில் சுற்றிய பித்தளைப் பம்பு. முப்பத்தைந்து ரூபாய்க்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்த நடத்துனர், பையிலிருந்து என் வேட்டியில் இறங்கியிருந்த கறுப்பு எண்ணெயைப் பார்த்துவிட்டு, இருக்கையில் படாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார். வேட்டியைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

ஊர் பார்க்கக் கிளம்பும் யாரும் இந்த வழியைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், அங்கிருந்து முண்டியம்பாக்கம், பிறகு விழுப்புரம் போய்த் திரும்பவும் புதுச்சேரி. ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர் முக்கோணம். நானும் ஊர் பார்க்கக் கிளம்பவில்லை. பம்பைச் சரிசெய்து, முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஜாஃபரிடம் காட்டவேண்டும். அவன் கையால் தொட்டுப் பார்க்காமல் அதைப் படகில் மாட்டக்கூடாது என்பது அவன் உத்தரவு.

படகு என்றதும் மீன்பிடிப் படகை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது பாய்மரப் படகு. இருபத்தெட்டு அடி நீளம், என்னைவிட வயதில் இளையது, ஆனால் என்னைவிட மோசமான நிலையில் இருப்பது. ஊரைவிட்டுக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விற்றதை, நானும் ஜாஃபரும் ஐந்து வருடங்களுக்கு முன் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். ஆசை முழுவதும் அவனுடையது. பணத்தில் பாதியும் பயத்தில் முழுவதும் என்னுடையது. அவன் என்னோடு பள்ளியில் படித்தவன். இருபது வருடம் வளைகுடா நாட்டில் படகுப் பட்டறையில் இஞ்சின் வேலை பார்த்துவிட்டுக் கோட்டக்குப்பத்துக்குத் திரும்பியவன். நான் அதே ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் இயந்திரத்துக்கும் ஏழாம் பொருத்தம்.

பாய்மரப் படகுக்கு இஞ்சின் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: துறைமுக வாயில் குறுகலானது, மணல் மேடிட்டுக் கிடப்பது. அதைக் காற்றை நம்பித் தாண்ட முடியாது. இஞ்சினால் வெளியே போய்த்தான் பாயை விரிக்கவேண்டும். அந்த இஞ்சின் சூடேறாமல் இருக்க, இந்தப் பம்பு கடல் தண்ணீரை உறிஞ்சி உள்ளே சுற்றவிட்டு வெளியே துப்புகிறது. பம்பு நின்றால் இஞ்சின் போச்சு. இஞ்சின் போனால் படகு வெறும் தொட்டி. ஒரு மாதமாகப் பம்பின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குள் ஜாஃபர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். அங்கிருந்தபடியே போனில் வழி சொல்லச் சொல்ல, இரண்டு மாலை செலவழித்து, விரல் தோலையும் செலவழித்து, நான் அதைக் கழற்றி எடுத்தேன்.

சனிக்கிழமை அவனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகவேண்டும், அதற்குள் பம்பு தயாராக வேண்டும் என்று சொல்லியிருந்தான். அவனுக்கு வயிற்றில் புண், ஆறிவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை டாக்டர் அவனுடைய அண்ணன் யூசுப் பாயையும் என்னையும் தனியே அழைத்துச் சொன்னது வேறு. புண் அல்ல, கட்டி. கல்லீரல்வரை போய்விட்டது. இனி வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் செய்யக்கூடியது. வெளியே வந்ததும் யூசுப் பாய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடாதே, அவன் கேட்பதையெல்லாம் செய்துகொடு என்றார். நானும் தலையாட்டினேன். நம் வீடுகளில் இதுதானே வழக்கம். நோய் யாருக்கோ அவருக்குத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

கிளியனூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல்கள் தண்ணீரில் மிதந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துத் தின்றபடி, இந்த மழையில் பாதிப் பயிர் அழுகிப்போனதாகச் சொல்லிவிட்டு எனக்கும் ஒரு பிடி கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். தின்னத் தோன்றவில்லை.

திண்டிவனத்தில் இறங்கியபோது எட்டரை. செஞ்சி ரோட்டில் இருக்கும் சேகரின் லேத்துப் பட்டறைக்குப் போனேன். சுற்றுவட்டாரத்துக் கிணற்று மோட்டார்களும் போர் மோட்டார்களும் அங்கே குவிந்து கிடந்தன. சேகர் பம்பை வாங்கிப் பிரித்து, ரப்பர் சக்கரத்தை வெளியே எடுத்து, அச்சில், தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் வளையம் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருப்பதை நகத்தால் தடவிக் காட்டினார். ஜாஃபர் போனில் சொன்னதும் அதுவேதான். பற்றவைத்து மேடாக்கி, கடைந்து, புது சீல் போட்டுத் தர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். கடல் படகுக்கான பம்பு என்றதும் அவருக்குச் சிரிப்பு.

"சுத்தியும் தண்ணிய வெச்சிக்கினு அதுக்குள்ள ஒரு பம்பாங்க?" என்றார்.

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது என்றேன். எதிரில் இருந்த கடையில் நான்கு இட்லி நாற்பது ரூபாய். சாம்பாரிலும் மழை பெய்திருக்கும்போல. திரும்பி வந்தபோது பம்பு புதிதாக மின்னியது. பச்சைக் களிம்பையெல்லாம் தேய்த்து எடுத்திருந்தார். அதோடு, கேட்காமலே இன்னொரு வேலையும் செய்திருந்தார்.

"அடியில சின்னதா ஒரு ஓட்டை இருந்துதுங்க. அதுலதான் ஒழுவியிருக்கு. மரை போட்டு பித்தளைத் திருகு வெச்சி அடைச்சிட்டேன். இனிமே ஒரு சொட்டு வராது. அதுக்கு காசு வேணாம்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொட்டுத் தண்ணீருக்கு ஊரே மோட்டாரைக் கட்டிக்கொண்டு அழும் இடத்தில், ஒழுகும் ஓட்டையைப் பார்த்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும். மற்ற வேலைக்கு அறுநூறு ரூபாய் கொடுத்துவிட்டு, நன்றி சொல்லிக் கிளம்பினேன்.

பதினொன்றரைக்கு விழுப்புரம் வண்டி. கூட்டேரிப்பட்டில் கூட்டம் ஏறியது. மயிலம் மலைக் கோயில் மழைத்திரைக்குள் இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டவர்கள் குத்துமதிப்பாக ஒரு திசையைக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் கால் மணி நேரம் நின்றோம். முண்டியம்பாக்கத்தில் இறங்கப்போகிறவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். பிளாஸ்க், போர்வை, மடக்கிய பாய், பழைய எக்ஸ்ரே உறை. ஒருவரையொருவர் எந்த வார்டு என்று கேட்டுக்கொள்வார்கள். என் பையைப் பார்த்த ஒருவர் சாப்பாடா என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

வார்டில் யூசுப் பாய் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டியவர், ஊரில் அரிசி மண்டி வைத்திருப்பவர். என்னைக் கண்டதும் எழுந்து, டீ வாங்கி வருகிறேன் என்று பிளாஸ்க்கோடு வெளியே போனார். போகும்போது ஒரு பார்வை பார்த்தார். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

ஜாஃபர் திங்கட்கிழமை இருந்ததைவிட இளைத்திருந்தான். கண் மஞ்சளாக இருந்தது. வந்ததும் வராததுமாக, "எங்கடா, குடு" என்று கையை நீட்டினான். வயிற்றின்மேல் துண்டை விரித்துப் பம்பை வைத்தேன். அச்சைச் சுற்றிப் பார்த்தான். மூடியைக் கழற்றச் சொல்லி, ரப்பர் சக்கரத்தின் றெக்கைகளை ஒவ்வொன்றாக வளைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தான். முகத்தில் பழைய ஜாஃபர் வந்து உட்கார்ந்தான்.  பிறகு அவன் சுண்டுவிரல் பம்பின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது.

"ஓட்டை எங்கடா?"

"அதை சேகர் அடைச்சிட்டாரு. காசுகூட வாங்கல" என்றேன் பெருமையாக.

சிரித்தான். சிரிக்கும்போது வலித்திருக்க வேண்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டான். மூச்சு திரும்பிய பிறகு சொன்னான்.

"டேய், உள்ள ரெண்டு சீல் கீது. ஒண்ணு கடல் தண்ணிய நிறுத்துது, இன்னொண்ணு இஞ்சின் ஆயில நிறுத்துது. தண்ணி சீல் தேஞ்சிதுன்னா, நடுவுல கீற அந்த ஓட்டை வழியா வெளிய சொட்டும். அதப் பாத்துதான் நாம சீல மாத்தணும். ஓட்டைய அடைச்சிட்டா தண்ணி நின்னுடுமா? உள்ள போயி ஆயில்ல கலக்கும். மேல பாத்தா சுத்தமா இருக்கும். ஒரு நாளு நடுக்கடல்ல இஞ்சின் இறுகிக்கினு நின்னுடும்."

திருகை எடுத்துவிடுகிறேன் என்றேன். அவன் பம்பை வயிற்றின்மேல் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அண்ணன் மூணு நாளா என் மூஞ்சியப் பாத்துப் பேசல. எதக் கேட்டாலும் சரிங்கறாரு. பிரியாணி வேணும்னேன், அதுக்கும் சரின்னாரு. நீ சொல்லு மணி. டாக்டர் என்னா சொன்னாரு?"

சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது எழுத வரவில்லை. வார்த்தைகள் கோர்வையாக வரவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. புண் அல்ல என்றேன், கல்லீரல் என்றேன், சனிக்கிழமை அனுப்புவது குணமாகி அல்ல என்றேன். யூசுப் பாய்க்குக் கொடுத்த வாக்கு போயிற்று. அவன் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, ஆனால் அவன் இரண்டு கையும் பம்பின்மேல் இருந்தன.

அவன் அழவில்லை. கொஞ்ச நேரம் அச்சை முன்னும் பின்னும் சுற்றிக்கொண்டிருந்தான். தனக்கும் அப்படித்தான் பட்டது என்றான். எத்தனை நாள் என்று கேட்டான். அதை டாக்டர் சொல்லவில்லை என்றேன், அது உண்மை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எனக்குத் தெரியும்னு அண்ணன்கிட்ட சொல்லிடாதடா. அவரு தாங்கமாட்டாரு. எனக்குத் தெரியாதுங்கற தைரியத்துலதான் நின்னுக்கினு கீறாரு."

நான் சரி என்பதற்குள் யூசுப் பாய் டீயோடு வந்துவிட்டார். ஜாஃபர் ஒரு நொடியில் மாறினான். "அண்ணே, பம்பு ரெடி. ஞாயித்துக்கெழம காலையில ஆறு மணிக்கு கடலுக்குப் போறோம்" என்றான். யூசுப் பாய், "இன்ஷா அல்லா" என்றார். அதன் பிறகு அரை மணி நேரம் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே பேசினோம். சாப்பாடு என்ன கட்டிக்கொள்வது என்று பேச்சு வந்தது. வீட்டில் நெய்ச்சோறும் தாளிச்சாவும் செய்யச் சொல்கிறேன் என்றார் யூசுப் பாய். நீயும் கடலுக்கு வரவேண்டும் என்று ஜாஃபர் அவரைச் சீண்டினான். அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு, ஆனால் அவர் முழங்காலுக்குமேல் கடலில் இறங்கியதில்லை, ஊரறிந்த சங்கதி. வருகிறேன் என்றார். மழை வந்தால் என்ன செய்வது, காற்று எந்தப் பக்கம் இருக்கும் என்றெல்லாம் அண்ணனும் தம்பியும் கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவு பொறுப்பாக நாங்கள் எந்தப் பயணத்தையும் திட்டமிட்டதில்லை. என் டீ அப்படியே ஆறிப்போனது.

கிளம்பும்போது யூசுப் பாய் ரோடுவரை கூடவே வந்தார். குடையை எனக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தார்.

"அவங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே தம்பி?"

"இல்லண்ணே."

"இன்னிக்குதான் சிரிச்சான். நீ வந்தது நல்லதாப் போச்சு" என்று என் தோளைத் தட்டினார். ஒரே நாளில் ஒருவருக்கு வாக்குத் தவறி, மற்றவருக்கு வாக்குக் காப்பாற்றி, இரண்டு பேரிடமும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். என்மேல் எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். புதுச்சேரி வண்டி மூன்றரைக்குத்தான் கிடைத்தது. நாற்பது கிலோமீட்டர். வளவனூர், கண்டமங்கலம் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் கடந்துபோயின. நல்லதைச் செய்தேனா, கெட்டதைச் செய்தேனா என்று வழிநெடுகக் கேட்டுப் பார்த்தேன்.  இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வியாழனும் வெள்ளியும் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டுத் துறைமுகத்துக்குப் போனேன். திருகைக் கழற்றிவிட்டு, பம்பை மாட்டினேன். ஜாஃபர் போனில் கூடவே இருந்தான். இடையிடையே மூச்சு வாங்க நிறுத்தினான். சனிக்கிழமை பகலில் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வண்டியிலிருந்து தூக்கி இறக்கும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அவனிடம் எடையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் படகுத்துறைக்குப் போனேன். யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் வீட்டில் இருக்க முடியவில்லை. மழை விட்டிருந்தது. படகுக்குப் பக்கத்தில் யூசுப் பாய் கையில் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"தூங்கறான். நீ வந்து நிப்பேன்னு அவன்தான் போகச் சொன்னான்" என்றார்.

நான் கையை நீட்டினேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி படகில் கால் வைத்தார். இஞ்சினைப் போட்டேன். முதல் முறையிலேயே பிடித்துக்கொண்டது. பின்பக்கக் குழாயில் கடல் தண்ணீர் விட்டு விட்டு வந்து விழுந்தது. கயிற்றை அவிழ்க்கவில்லை. வெகுநேரம் கழித்து யூசுப் பாய் சாப்பிடலாமா என்று கேட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்தார். உள்ளே மூன்று பேருக்குச் சோறு இருந்தது.